அத்தையின் ஊசியும் என் மீன் சட்டியும்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, சித்திரை மாதத்தில் ஒரு பகல். புரசைவாக்கம் கங்காதீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்த என் மாமியார், கால் கழுவும்போது "இது என்னம்மா, பிசுபிசுன்னு இருக்கு?" என்று பாதத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்காலில் எட்டணா அகலத்துக்கு ஒரு கொப்புளம். உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வெயிலில் காய்ந்த கல்தரையில் பிராகாரம் சுற்றியிருக்கிறார். மற்றவர்கள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓட, இவர் மட்டும் நிதானமாக நடந்திருக்கிறார். சுடவே இல்லையாம்.

சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும் என்பது ஊரறிந்த விஷயம். அத்தைக்கு 14 வருஷமாகச் சர்க்கரை. கொப்புளம் வருவதற்கு முன்பே ஆறேழு மாதமாக "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு", "எறும்பு ஊருது" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அது தெரியாமல் நாலடி போயிருப்பார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று சொல்லி, தடவ ஒரு களிம்பும் ராத்திரிக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். கொப்புளத்துக்கு அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனோம். உட்கார்ந்ததும் அவர் கேட்டது: "அம்மா சைவமா?"

இந்த ஊரில் என்னை அதிகம் துரத்திய கேள்வி இதுதான். உடம்புக்காக அதைக் கேட்டவர் அந்த டாக்டர் ஒருவர்தான். மற்றவர்கள் கேட்டதெல்லாம் வேறு எதற்கோ.

நான் பிறந்து வளர்ந்தது சைதாப்பேட்டை. ஞாயிறு ஆட்டுக்கறி, புதன் மீன், மழை பெய்தால் கருவாடு. (சைதாப்பேட்டைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வடகறியில் கறியே கிடையாது, அது கடலைப்பருப்பு வடை. இது இருக்கட்டும்.) என் கணவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவ முதலியார்கள். முட்டைகூட உள்ளே வராது. ஒரே வங்கியில் வேலை பார்த்தோம், 2003-இல் கல்யாணம். புதுப் பெண்ணாக வந்த முதல் வாரம், "கறி நறுக்கியாச்சா?" என்று அத்தை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் வீட்டில் கறி என்றால் வாழைக்காய், உருளைக்கிழங்கு.

முதலில் மாம்பலம் பக்கம் தனியாக வாடகை வீடு தேடினோம். பேரைக் கேட்பதற்கு முன்பே "வெஜிடேரியன்தானே?" என்பார்கள். சாதியை நேராகக் கேட்கக் கூச்சம், அதனால் சாப்பாட்டைக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிய மூன்று வீடுகள் ஆயின. நாலாவது வீட்டில் என் கணவர் முந்திக்கொண்டு "ஆமாங்க, நான் சுத்த சைவம்" என்றார். பொய் இல்லை, பாதி உண்மை. வீடு கிடைத்தது. பதினோரு மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் ஆசை அடங்காமல், ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு நெத்திலிக் கருவாடு வறுத்தேன். கருவாட்டுக்கு ஜன்னல் ஒரு பொருட்டா? சாயங்காலம் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அடுத்த மாதம் காலி செய்தோம்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று மத்திய அரசு 2014-இல் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது. இத்தனை பேர் சாப்பிடுவதற்குத்தான் முன்னால் ஒரு 'அ' போட்டுப் பேர் வைத்திருக்கிறோம்.

மாமனார் போன பிறகு புரசைவாக்கத்தில் அத்தையோடு ஒரே வீடு ஆனது. அப்போது எனக்கும் அவருக்கும் ஓர் உடன்படிக்கை. பால்கனியில் தனியாக ஒற்றை அடுப்பு. மண்சட்டி, கத்தி, பலகை, கரண்டி எல்லாம் பால்கனி அலமாரியோடு சரி, உள்ளே வரக்கூடாது. ஃபிரிட்ஜில் மீன், கறி வைக்கவே கூடாது. வெள்ளி, பிரதோஷம், கிருத்திகை, கார்த்திகை சோமவாரம் எதுவும் கூடாது. ஆரம்பத்தில் எனக்கு உள்ளுக்குள் கொதிக்கும். மாசத்தில் பாதி நாள் போய்விடுகிறதே என்று காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணுவேன்.

இப்போது அந்த விதிகளில் இரண்டை நானே மாற்றமாட்டேன். ஃபிரிட்ஜ் கிடையாது என்பதால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கிப் பழகினேன். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் காலை ஏழு மணிக்குள் இருப்பேன். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் பளபளக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். அங்கேயே ஆய்ந்து வாங்கிவிடுவேன். செதிலும் குடலும் வீட்டுக்கு வராவிட்டால் பாதி நாற்றம் வராது, குப்பைக் கூடையைச் சுற்றிப் பூனைப் பஞ்சாயத்தும் இருக்காது. கைக்குப் புளிச் சக்கையும் கல்லுப்பும் போதும். இன்னொன்று, தனிக் கத்தி, தனிப் பலகை. அத்தை அதைத் தீட்டு என்று சொன்னார். பச்சைக் கோழியிலிருந்து கிருமி சாலட் காய்க்குப் போய்விடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிறவர்கள் சொல்வதும் அதே தனிப் பலகையைத்தான். குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவுவதையும் நிறுத்தினேன், தண்ணீர் தெறிக்கிற இடமெல்லாம் கிருமியும் போகும்.

சரி, டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி12-க்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சாதாரணமாக 200-க்கு மேல் இருக்க வேண்டியது, அத்தைக்கு 112.

அவர் பொறுமையாக விளக்கினார். பி12 செடிகொடிகளில் கிடையாது. மீன், கறி, முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. பால் குடிக்கிற சைவர்களுக்கு ஓரளவு கிடைக்கும், ஆனால் எவ்வளவு பால் என்பதுதான் கேள்வி. ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம். 200 மில்லி பாலில் ஏறக்குறைய ஒன்று இருக்கும். அத்தை குடிப்பது காலையும் மாலையும் அரை டம்ளர் டிகிரி காபி, அப்புறம் தண்ணீராக ஒரு நீர்மோர். நாங்கள் பால் சாப்பிடுகிற வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அளந்து பார்த்தால் காபிக்குப் பாலின் நிறம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அதற்கு மேல் இன்னும் இரண்டு. சர்க்கரைக்கு அவர் எடுத்துக்கொண்டிருந்த மெட்ஃபார்மின், வருஷக்கணக்கில் எடுத்தால் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்த பான்டோபிரசோலும் அதையே செய்யும், ஏனென்றால் உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். கல்லீரல் சில வருஷங்களுக்கான இருப்பைச் சேர்த்து வைத்திருப்பதால் குறைபாடு உடனே காட்டாது. தினமும் கீரை சாப்பிடுகிறவர் என்பதால் ஃபோலிக் அமிலம் நிறையக் கிடைத்திருக்கிறது. ரத்தசோகை வந்து எச்சரிப்பதற்கு முன்பே நரம்பில் கைவைத்துவிட இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

யாராவது இதைப் படித்து ஒரே ஒரு காரியம் செய்வதென்றால், வீட்டில் மெட்ஃபார்மின் போடுகிற பெரியவர்களுக்குக் கால் எரிச்சலோ மதமதப்போ இருந்தால் பி12-ஐயும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அசைவம் சாப்பிடுகிறவராக இருந்தாலும் கேளுங்கள். சர்க்கரை என்று ஒரு காரணம் கையில் இருந்ததால் இன்னொரு காரணத்தை நாங்கள் தேடவே இல்லை. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

செய்தி பரவியதும் வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. என் அண்ணன் சைதாப்பேட்டையிலிருந்து போன் செய்து, "ரெண்டு முட்டை சாப்பிட்டிருந்தா இந்தக் கதியா? சங்க காலத்துல யாரும்மா சைவம்?" என்றான். கணவரின் சித்தப்பா நேரில் வந்து, குறளில் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே இருப்பதையும், மனிதனின் பல் அமைப்பையும், குடலின் நீளத்தையும் ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னார். பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு வாட்ஸாப் செய்தியையும் காட்டினார். பழைய சோறு வயிற்றுக்கு நல்லதுதான், எனக்கும் பிடிக்கும், ஆனால் பி12-க்கு அதை நம்பி உட்கார முடியாது. சுருள்பாசி மாத்திரையும் அப்படித்தான், அதில் இருப்பது பெரும்பாலும் பார்க்க பி12 மாதிரி இருக்கும், நம் உடம்புக்குப் பயன்படாத வகை. இந்த இரண்டு ஆண்களும் ஒரு நாள்கூட உலை வைத்தவர்கள் இல்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

முட்டை சாப்பிடச் சொல்லி அத்தையை நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்காகச் சாப்பிட்டிருப்பாரோ என்ற பயம். 68 வயதில் ஒருவரை அழவைத்து ஊட்டுகிற அளவுக்கு முட்டை பெரிய மருந்து இல்லை. ஒரு முட்டையில் இருப்பது அரை மைக்ரோகிராம் அளவுதான், 112-இல் கிடக்கிறவருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஊசிதான் வழி. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. முதல் ஊசிக்கு முன்னால் அத்தை நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல கவுச்சி ஏதாவது கலந்திருக்காம்மா?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, இதைத் தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள், மாட்டு வயிற்றிலும் இதைச் செய்வது அந்த மாதிரி நுண்ணுயிர்தான், மாடு இல்லை என்றார். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "கிருமி சைவமா அசைவமா?" டாக்டருக்கே பதில் வரவில்லை. "தயிர்லயும் அதானேம்மா இருக்கு" என்றேன். கையை நீட்டிவிட்டார்.

மாத்திரைக்கு மாறியபோது இன்னொரு சிக்கல். கடைக்காரர் கொடுத்தது கேப்ஸ்யூல். கேப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாடு, பன்றி போன்றவற்றின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. எத்தனையோ சுத்த சைவர்கள் வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பார்கள், அந்த உறையில் யாரும் பச்சைப் புள்ளி தேடுவதில்லை. நானும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படி இருக்க மனம் வரவில்லை. உறை இல்லாத மாத்திரையாகக் கேட்டு வாங்கினேன், எளிதாகவே கிடைக்கிறது. வைட்டமின் டி-யும் குறைவாக இருந்தது. வாரம் ஒரு முறை எடுக்கும் 60,000 யூனிட்டுக்கு கேப்ஸ்யூலுக்குப் பதில் பாலில் கலக்கும் தூளாக வாங்கினோம். டி3-ஐப் பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகில் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். அத்தை கையை உதறினார். "மயிருதானே? ஆடு உசுரோடதானே இருக்கு? குடு."

எரிச்சல் மூன்று மாதத்தில் குறைந்தது. ஞாபக மறதியும் தெளிந்தது, அதை முதுமை என்று நினைத்திருந்தோம். மதமதப்பு முழுதாகப் போகவில்லை. நரம்பு நாள்பட்டுக் கெட்டால் முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது கோயிலுக்குச் சாயங்காலம்தான் போகிறார். ராத்திரி படுக்கும் முன் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலை நான் பார்க்கிறேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில் எனக்கும் பரிசோதனை எடுத்தார்கள். என் பி12 ஜோராக இருந்தது. ஹீமோகுளோபின் 9.8.

"கறி மீனு எல்லாம் சாப்பிட்டும் உனக்கு ரத்தம் இல்லையாம்மா?" என்று அத்தை கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான அதிர்ச்சி. எனக்கும்தான். அசைவம் சாப்பிடுகிறவளுக்குக் குறை எதுவும் வராது என்று ஒரு திமிர் இருந்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஆட்டுக்கறி மாதத்தில் இரண்டு ஞாயிறு, மீன் வாரத்தில் ஒன்றிரண்டு துண்டு. மீனில் இரும்பு பெரிதாக இல்லை. மற்ற நாளெல்லாம் நானும் சாம்பார், ரசம், பொரியல்தான். அப்புறம் மாதவிடாய் நிற்கும் வயதின் அதிகப் போக்கு. இதற்கெல்லாம் மேலே, சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு காபி. காபியும் டீயும் கீரை, பருப்பு இவற்றிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளினேன். முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்தேன், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், வைட்டமின் சி இருந்தால் அந்த இரும்பு நன்றாகச் சேரும். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையும் எடுத்தேன், அது இல்லாமல் 9.8 ஏறியிருக்காது. ஆறு மாதத்தில் 12.1.

ஒரு ஞாயிறு மத்தியானம் அத்தையின் தட்டையும் என் தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் தட்டில் சோற்று மலை, ஓரத்தில் இரண்டு ஸ்பூன் அவரைக்காய். என் தட்டில் அதே மலை, ஓரத்தில் ஒரு துண்டு சங்கரா. இருபது வருஷமாக நாங்கள் போட்ட சண்டையெல்லாம் அந்த ஓரத்துக்குத்தான்.

உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. 58 கிலோ அத்தைக்கு 48 கிராம். காலையில் மூன்று இட்லி, மத்தியானம் சோறு, சாம்பார், பொரியல், மோர், ராத்திரி இரண்டு தோசை என்று எழுதிக் கூட்டினால் 30-ஐத் தாண்டவே கஷ்டப்பட்டது. என்னுடையது மீன் இல்லாத நாளில் அதைவிட ஒன்றும் உசத்தி இல்லை. பருப்புச் சாப்பிடுகிறோம் என்று பேர், சென்னைச் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு எத்தனை பருப்பு நீந்தும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதிலிருந்து சில மாற்றங்கள். ராத்திரி தோசைக்குப் பதில் வாரம் மூன்று நாள் அடை, அரிசியும் பருப்பும் சரிபாதி. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், பட்டாணி, மொச்சை, காராமணி, வேகவைத்த வேர்க்கடலை என்று மாற்றி மாற்றி. வாயுத் தொல்லைக்கு நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப்போட்டால் சரியாகிவிடுகிறது. நீர்மோர் போய் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் வந்தது. மீல் மேக்கர் மட்டும் தோற்றுப்போனது. 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம் என்று வாங்கிவந்தேன். அத்தை ஒரு கடி கடித்துவிட்டு, "இது கறி மாதிரியே சவுக்கு சவுக்குன்னு இருக்கு" என்று துப்பிவிட்டார். கறி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. காளானும் அதே காரணத்தால் வீட்டுக்குள் வரவில்லை.

சோற்றைக் குறைத்ததில் பெரிய பலன் என் கணவருக்கு. சைவம் சாப்பிடுகிறேன், சர்க்கரை வராது என்று நம்பியவர். எல்லையில் நின்ற சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.3-இலிருந்து 5.8-க்கு இறங்கியது. அவரிடம் அதைப் பற்றிப் பேசினால் இன்னும் பத்து நிமிஷம் பேசுவார், அதனால் இங்கே நிறுத்துகிறேன். என் அண்ணன் கதை எதிர்ப்பக்கம். யூரிக் அமிலம் ஏறி, கால் கட்டைவிரல் வீங்கி, ஈரல், சுவரொட்டி, இறால், பீர் எல்லாவற்றுக்கும் தடை. சங்க காலத்தைப் பற்றி இப்போது அவன் பேசுவதில்லை.

என் மகனுக்கு 17 வயது. ஜிம் போகிறான். அவனும் பால்கனி அடுப்பின் பங்காளி. சாசேஜ் பாக்கெட் வாங்கிவந்தான். பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் முதல் பிரிவில் சேர்த்தது என்று சொல்லி அதை நிறுத்தினேன், கோழி வாங்கினால் முழுக் கோழியாக வாங்கு என்றேன். அடுத்தது புரத மாவு டப்பா. பால் திரிந்து பிரிகிற தண்ணீரில் செய்வது என்று தெரிந்ததும் அத்தை அதற்கு அனுமதி கொடுத்தார்.

அவன்தான் ஒரு நாள் ஆயாவை மடக்கினான். "பால் மட்டும் குடிக்கிறியே ஆயா, கறவை நின்ன மாடும் காளைக் கன்னும் எங்க போகுதுன்னு நெனக்கற?" அத்தை இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபி டம்ளரை வைத்துவிட்டு, "நான் ஒண்ணும் சாமியாரு இல்லடா. என்னால முடிஞ்ச அளவுக்குத் தள்ளி நிக்கறேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சித்தப்பாவின் ஒரு மணி நேரத்தில் இந்த அளவுக்கு எதுவும் இல்லை. உயிரைக் கொல்லக்கூடாது என்று அவர் சொன்னால் என்னிடம் மறுபேச்சு இல்லை, எனக்குள் அந்த வலி வரவில்லை என்பதுதான் வித்தியாசம். அது சுத்தம், இது அசுத்தம் என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் நான் எழுந்து போய்விடுவேன். மாம்பலத்து வாசல் ஞாபகம் வந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வஞ்சிரம் விலை என் பக்கம் திரும்பிப் பார்க்காது, ஃபைபர் படகில் வருகிற சில்லறை மீன்தான். இந்த வருஷம் தடைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பால்கனியில் மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து சுண்டலுக்கு மாங்காய் சீவிக்கொண்டிருந்த அத்தை, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னிக்கு நெத்திலியா?"

"இல்ல அத்தை, காரப்பொடி மீனு."

"அதான் பார்த்தேன். நெத்திலின்னா வாடை இன்னும் கொஞ்சம் தூக்கலா வருமே."